ஒன்பதாம் வளைவு

ஏற்காடு கிளைக்கு மாற்றல் வந்த அன்றே
கோகுலநாதன் கணினியில் கட்டம் போட்டுவிட்டார்.
குறுக்கே மூன்று கம்பெனி,
நெடுக்கே முப்பத்தொரு கேள்வி.
ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்,
பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்,
டிக்கியில் இரண்டு அரிசிச் சிப்பம் நிற்குமா.
பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் யோசி.
ராத்திரி பதினொன்றுக்கு ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டு
மஞ்சளைப் பச்சையாக்கிடலாமா என்பார்.

கம்பெனிப் பெயர்கள் என் வாயில் நிற்கவில்லை.
ஷோரூம் இருக்கும் இடத்தையே பெயராக வைத்தேன்.
ஓமலூர் ரோட்டுக்காரன்,
சீலநாயக்கன்பட்டிக்காரன்,
ஐந்து ரோட்டுக்காரி.

நகைக்கடன் பிரிவில் பதினாறு வருஷம்.
பளபளப்பை நம்புகிற வேலை இல்லை அது.
வளையலோ தாலிக்கொடியோ
கல்லில் ஒரு இழுப்பு, அமிலம் ஒரு சொட்டு,
அப்புறம்தான் பேச்சு.
காருக்கும் என்னிடம் ஒரு உரைகல் இருக்கிறது:
யாழ்மொழி. ஏழு வயது.
பஸ்ஸோ, மாமாவின் டீசல் ஜீப்போ, வாடகை டாக்சியோ,
பேதம் பார்க்காமல்
ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில்
வாந்தி எடுப்பவள்.
எட்டாவது பலகை தாண்டியதும்
பாலித்தீன் பையை நான் விரித்துப் பிடிக்க வேண்டும்.

ஓமலூர் ரோட்டுக்காரன், "பறக்கும் மேடம்" என்றான்.
பறந்தது.
ஐந்தாம் வளைவிலேயே முந்திக்கொண்டாள்.

சீலநாயக்கன்பட்டிக்காரனுக்குத்
தாம்பாளத் தட்டு அகலத்தில் திரை.
காலை எடுத்தாலே வண்டி பின்னால் பிடித்து இழுத்தது.
"பிரேக் இல்ல மேடம், கரன்ட் சேமிக்குது."
ஏழாம் வளைவு.
வெளிர் நிறச் சீட்டைத் துடைத்துக்கொண்டே
அவன் வாரன்டி பற்றிப் பேசினான், பாவம்.

"இது எந்த வரிசையில வரும்?" என்றார் ஷார்ஜாக்காரர்.
முப்பத்திரண்டாவது ஒன்று
சேர்த்துக்கொள்ளச் சொன்னேன்.

ஐந்து ரோட்டிலிருந்து வந்தவள் ஷகிலா பானு.
அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி
"பாப்பாவுக்கு மலை ஒத்துக்குமா அக்கா?" என்றாள்.
என் தம்பியும் இப்படித்தான் என்று
இழுப்பைக் குறைத்தாள்,
திரையை இருட்டாக்கினாள்,
நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டாள்.
உள்ளே சத்தம் இல்லாததால்
வெளியே இருந்ததெல்லாம் ஏறிக்கொண்டது.
சில்வண்டு. சருகு மேல் குரங்கு ஓடுவது.
இரண்டு வளைவு மேலே இறங்கும் பஸ்ஸின் ஹாரன்.

யாழ்மொழி பலகைகளை வாசித்து வந்தாள்.
ஏழு.
எட்டு. பையை விரித்தேன்.
ஒன்பது.
ஸ்டியரிங்கில் என் உள்ளங்கை ஈரம்.

பத்து.

"அம்மா, பத்து இப்படித்தான் இருக்குமா?"

இத்தனை நாள் பத்திலிருந்து இருபது வரை
கண்ணை மூடிக்கொண்டே போயிருக்கிறாள்.
எனக்குத் தெரியாது.

ஏரிக்கரையில் அந்தப் பையில்
அரைக்கிலோ கொய்யா வாங்கினோம்.

இறங்கியதும் ஷகிலா பானு எண்ணைக் காட்டினாள்.
ஏறும்போது பதினேழு எடுத்தது,
இறங்கும்போது மூன்று திருப்பித் தந்திருக்கிறது.
"இழுப்பைக் கூட்டினா இன்னும் தரும் அக்கா."
வேண்டாம் என்றேன்.
கடன் வாங்கிப் போனவர்களில்
மூன்றுகூடத் தராத பேரேடு எனக்குத் தெரியும்.

முன்பணம் கட்டிவிட்டு வந்த சாயங்காலம்
அழகாபுரம் குடியிருப்பின் செயலாளர் தண்டபாணி
படிக்கட்டில் மறித்தார்.
கீழே பிளக் போடுவதென்றால்
பொதுக்குழு கூட வேண்டுமாம்.
லிஃப்டுக்கே நாலு வருஷம் கூடியவர்கள்.

முப்பத்திரண்டு கேள்வியில்
இது இல்லை.
ஒரு கொய்யாவை அவர் கையில் வைத்தேன்.
முகர்ந்து பார்த்தார்.
"மலைக் காயா?" என்றார்.